ஓரிரு இடங்களில்

மழையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஒருங்கிணைக்கும் நண்பர் ‘சங்க இலக்கியத்தில் மழையா?’ என்று கேட்டார். அது இல்லை. மழையும் புயலும் எங்கே, எப்போது வரும் என்று சொல்லத் துணிந்தவர்களின் கதை. அதிலும், யாரும் சம்பளம் கொடுத்துச் சொல்லச் சொல்லாதவர்களின் கதை. நேரலையில் சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்தே தொடங்குகிறேன். 2020 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு வெகு நேரம் முன்பே சான்டா கிளாராவில் இடி இடித்தது. இந்த ஊரில் நெடுநாள் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே இடி என்பது விருந்தாளி மாதிரி. பக்கத்துக் கடல் குளிர்ந்தது, அதன் மேல் உள்ள காற்றும் குளிர்ந்தது. மேகம் செங்குத்தாக எழ வேண்டிய சூடும் ஈரமும் கோடையில் இங்கே சேர்வதே இல்லை. அன்று சேர்ந்தது. பசிபிக்கில் தேய்ந்துபோன ஃபாஸ்டோ என்ற வெப்பமண்டலப் புயலின் மிச்ச ஈரம் வடக்கே ஏறி வந்து, அனல் அடித்துக்கொண்டிருந்த நிலத்தின் மேல் பரவியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். மின்னல் அடிவானம் முழுக்கக் கிளை விட்டுக்கொண்டிருந்தது. ஊர் நினைவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அப்பாவை அழைத்தேன்.

“எவ்வளவு மழை?” என்றார் அப்பா.

“மழை இல்லப்பா. வெறும் இடி.”

“வெறும் இடி எதுக்குடா?”

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த சில நாட்களில் கிடைத்தது. மழை தரையைத் தொடும் முன்பே ஆவியானது, மின்னல் மட்டும் தரையைத் தொட்டது. வடக்கு, மத்திய கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான இடங்களில் தீ பிடித்தது. சான் ஹோசேக்குக் கிழக்கே மலைத்தொடரில் பிடித்த தீக்களை ஒன்றாகச் சேர்த்து ‘எஸ்.சி.யு.’ என்று பெயர் வைத்தார்கள். சான்டா கிளாரா யூனிட் என்பதன் சுருக்கம், நம் ஊர்ப் பெயர்தான். ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் எரிந்தது. ஹாமில்டன் மலையில் உள்ள லிக் வானாய்வகத்தைத் தீயணைப்பு வீரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். என் மழைமானியில் அன்று காலை இருந்தது நாலைந்து துளி. அதை ‘அளக்க இயலாதது’ என்று பதிவு செய்தேன்.

ஆம், என் வீட்டில் மழைமானி இருக்கிறது. அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கர். சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. மொட்டைமாடியில் நேராக நிற்கும் ஒரு பால்டப்பா, ஒரு பள்ளிக்கூட ஸ்கேல், ஒரு நீள நோட்டு. இவ்வளவுதான் அவருடைய ஆய்வகம். தினம் காலை எட்டரைக்கு மாடி ஏறுவார். நுங்கம்பாக்கத்தில் அந்த நேரத்துக்குத்தான் அளக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிறகு வானொலியில் சொல்லும் அளவைத் தன் அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் நுங்கம்பாக்கத்தின் மேல் சந்தேகப்படுவார்.

ஆனால் அவருக்கு உண்மையான கோபம் முன்னறிவிப்பின் மேல். ‘வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.’ நம் எல்லோருக்கும் மனப்பாடம். “ஓரிரு இடம்னா எந்த இடம்? எல்லா நாளும் எங்கியாவது ரெண்டு இடத்துல பெய்யத்தானே செய்யும்?” என்பார்.

பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அது நழுவல் பேச்சு அல்ல, அளவு என்று. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. 26 முதல் 50 சதவீதம் வரை ‘சில இடங்களில்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்களில்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. எவ்வளவு நேர்த்தியான வகைப்பாடு! கேட்பவருக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. அலுவலகம் பரப்பைப் பற்றிப் பேசியது, அப்பா தன் தெருவைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லப்போகும் ஆர்வலர்கள் அனைவரும் இந்த இடைவெளியில் வந்து நின்றவர்கள்.

முதல் ஆள் ஒரு சேணக்காரர். வில்லியம் ரெட்ஃபீல்ட், அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்தவர், குதிரைச் சேணம் தைக்கப் பழகியவர். 1821 செப்டம்பரில் பெரும்புயல் ஒன்று அந்தப் பக்கம் கடந்தது. அதன் பிறகு ஊர் ஊராகப் போகும்போது விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் மரங்கள் வடமேற்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. இன்னும் தள்ளிப் போனால் அதே புயலில் தென்கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. அப்படியென்றால் புயல் நேராக ஓடும் காற்று அல்ல, சுழன்றுகொண்டே நகரும் காற்று. இதை அவர் கட்டுரையாக வெளியிட்டது பத்து வருடம் கழித்து, 1831-இல். பின்னாளில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் முதல் தலைவர் ஆனார். சேணக்காரருக்கு அந்த நாற்காலி கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அந்தக் கருத்து வங்காள விரிகுடாவுக்கு வந்தது ஹென்றி பிடிங்டன் வழியாக. வணிகக் கப்பலில் மாலுமியாக இருந்து கல்கத்தாவில் தங்கிவிட்டவர். அங்கே கனிமப் பொருட்களின் காட்சியகப் பொறுப்பு, பிறகு கடல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவர் பதவி. வானிலை அவர் வேலை அல்ல. 1839 முதல் கப்பல்களின் நாட்குறிப்புகளைக் கேட்டு வாங்கத் தொடங்கினார். எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் காற்று, பாரமானி எவ்வளவு இறங்கியது. அவற்றை வரைபடத்தில் வைத்து, ஒவ்வொரு புயலுக்கும் ஒரு வரலாறு எழுதினார். வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவை வரிசையாக வந்தன. இந்தச் சுழலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கிரேக்கத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்தார். பாம்பு சுருண்டு கிடப்பதுபோன்ற சுற்று என்ற பொருளில் ‘சைக்ளோன்’. உலகம் முழுக்க இன்று புழங்கும் சொல் அது.

1848-இல் மாலுமிகளுக்காக ஒரு கைநூல் வெளியிட்டார். கொம்பைத் தகடாகச் சீவினால் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அந்தத் தகட்டில் சுழற்காற்றின் வட்டங்களை அச்சிட்டு நூலோடு சேர்த்துக் கொடுத்தார். கப்பல்காரர் தகட்டைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, தன் கப்பலுக்கு அடிக்கும் காற்றின் திசையோடு பொருத்திப் பார்த்தால் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எந்தப் பக்கம் விலகி ஓட வேண்டும் என்றும் தெரிந்துவிடும். என்னைக் கவர்வது இதுதான். ‘புயல் வரக்கூடும்’ என்று அவர் நிறுத்தவில்லை. ‘நீ நிற்கும் இடத்தில் உனக்கு என்ன’ என்பதற்கு ஒரு கருவி செய்து கையில் கொடுத்தார்.

மாலுமிகள் கேட்டார்கள். ஆட்சியாளர்கள் கேட்கவில்லை. ஹூக்ளி ஆறு மணலடித்துத் தூர்ந்துவிடும் என்று பயந்து, மாத்லா ஆற்றங்கரையில் ஒரு துறைமுக நகரம் கட்டத் திட்டமிட்டார்கள். 1853-இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த இடத்தில் ஒருநாள் புயலோடு கடல் எழுந்து வரும், குடியிருப்பு ஐந்து அடி முதல் பதினைந்து அடி வரை மூழ்கும் என்று எச்சரித்தார். நகரம் கட்டப்பட்டது. ரயில் பாதையும் போட்டார்கள். அடுத்த கவர்னர் ஜெனரலின் பெயரால் போர்ட் கேனிங் ஆயிற்று. 1858-இல் பிடிங்டன் இறந்தார். 1867 நவம்பரில் புயலும் கடலும் வந்து நகரைச் சிதைத்தன. சில ஆண்டுகளில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். அமிதவ் கோஷின் ‘தி ஹங்ரி டைட்’ நாவலைப் படித்த நண்பர்களுக்கு இந்தக் கதை நினைவிருக்கும்.

அதன் பிறகு நடந்தவை அலுவலக வரலாறு, வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1864-இல் ஒரே இலையுதிர் காலத்தில் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் இரண்டு புயல்கள் அழித்தன. 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் முறை நிலைபெற்றது. கூண்டு எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பதினொன்றாம் எண் பலரும் நினைப்பதுபோல ‘எல்லாவற்றையும்விடப் பெரிய புயல்’ அல்ல. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். இதைவிட நல்ல சிறுகதைத் தலைப்பு கிடைக்குமா?

சென்னையிலோ அதற்கும் முன்பே 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைந்துவிட்டது. அதன் கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறித்தது, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அங்கே வானியலாளராக இருந்த நார்மன் போக்சனின் மகள் ஐசிஸ், தந்தைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் உதவியாளராகச் சேர்ந்து, 1881-இல் சென்னை மாகாணத்தின் வானிலை அறிக்கையாளர் ஆனார். 1886-இல் லண்டன் வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் நிறைவேறவில்லை. 1920-இல்தான் உறுப்பினர் ஆனார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போடலாம்.

தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வி இந்தத் துறையின் பிறவிப் பயம். டார்வினைச் சுமந்து சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1861-இல் பிரிட்டனில் புயல் எச்சரிக்கையும் நாளிதழில் முன்னறிவிப்பும் தொடங்கினார். தவறிய நாட்களில் கேலி செய்தார்கள். கடனும் மனச்சோர்வும் சேர, 1865-இல் தற்கொலை செய்துகொண்டார். அடுத்து ஒரு குழு அமைத்து, இதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்று எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். மீண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குப் பாதி சரியான எச்சரிக்கையும் போதுமாக இருந்தது.

இனி சென்னையின் மாலை இடிமழைக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழையும் புயலும் பெரிய விஷயங்கள், அவற்றைச் சில நாட்கள் முன்பே பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் இடிமழை அப்படி அல்ல. பகலில் நிலம் கொதிக்கிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று. மதியவாக்கில் கடற்காற்று உள்ளே நுழைந்து அதோடு மோதுகிறது. மோதும் கோட்டில் ஈரக்காற்று மேலே தூக்கி எறியப்படுகிறது. திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் மேகம் கோபுரமாக எழுகிறது. மேலடுக்கின் மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளுகிறது. வழியில் சாகாமல் வந்தால் இரவு எட்டு, ஒன்பதுக்குச் சென்னையில் கொட்டும். தாம்பரத்தில் பெய்து கிண்டியில் பெய்யாமல் போகும். மொத்த ஆயுள் இரண்டு, மூன்று மணி நேரம். காலையில் எழுதும் அறிக்கை ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

2002-இல் சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ரேடார் வந்தது. இந்தியாவில் முதல் டாப்ளர் வானிலை ரேடார். அதன் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தன. பிடிங்டனுக்கு மாதக்கணக்கில் கப்பல் குறிப்புகள் வந்து சேர வேண்டியிருந்தது. இப்போது சில நிமிடங்களுக்கு ஒரு படம். அதை வைத்து வேலைக்குப் போகும் சாதாரண ஆட்கள் மேகத்தைத் துரத்தத் தொடங்கினார்கள். அவர்களில் ஊரறிந்தவர் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான். பகலில் அரசு சார்ந்த நிதி நிறுவனமொன்றில் பணி. சிறுவயதில் பார்த்த பெருமழைகளே தன்னை இழுத்தன என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு என்பதைச் சேர்த்து ‘கேடிசிசி’ என்று அவர் எழுதியது இன்று சென்னைக்காரர்களின் புழக்கச் சொல். மன்னார்குடியில் ஆசிரியரான செல்வகுமாரோ டெல்டா விவசாயிகளுக்காகப் பேசுகிறார். நெல்லைக் களத்தில் காயப்போடலாமா என்று தெரிய வேண்டியவருக்குச் சதவீதம் எதற்கு?

இதனால் அலுவலகத்தார் மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரேடாரும் நிலையங்களும் அவர்களுடையவை. ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினாலே பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காகக் கும்பிட்ட காலம் ஒன்று இருந்தது, 2016 மார்ச்சில் அவர் ஓய்வுபெறும் வரை. அரசின் சொல் ஒன்றால் துறைமுகம் மூடும், படகு கரையேறும். அந்தச் சொல்லைத் தெரு அளவுக்கு இறக்கி வைப்பது அவர்களுக்கு ஆபத்து. ஆர்வலர் இறக்கி வைக்கலாம். தவறினால் அன்றிரவே ‘மேகம் பூந்தமல்லியிலேயே கலைந்துவிட்டது, நான் நினைத்தது நடக்கவில்லை’ என்று எழுதலாம். ஏன் என்றும் விளக்கலாம். கேட்பவர்கள் அதனால் விலகவில்லை, இன்னும் நம்பினார்கள். அப்பாவே அப்படித்தான் நம்பத் தொடங்கினார்.

நானும் ஒரு குட்டி ஜோசியன் ஆனேன். சென்னையில் இரவு எட்டு என்றால் இங்கே காலை காபி நேரம். ரேடாரைப் பார்த்து, ‘அரக்கோணத்துல ஒண்ணு கிளம்பிருக்குப்பா, ஒன்பது மணிக்கு உங்க தெரு’ என்று சொல்வேன். பத்துக்கு ஆறு சரியாக வந்தது. நான்கை மறந்துவிட்டோம்.

2015 டிசம்பர் 1. அது இடிமழை அல்ல, பருவமழையின் பெருமழை. ஊரில் வதந்தி மழையும் பெய்துகொண்டிருந்தது. நாசா எச்சரித்தது என்றார்கள், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள். இரண்டும் பொய். அந்த நாட்களில் பிரதீப் ஜானின் நிதானமான பதிவுகளைத்தான் லட்சக்கணக்கானோர் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரக் கணக்கு தாம்பரம் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29. ஒரே ஊருக்குள் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம்.

சென்னை நேரம் இரவு பத்தரைக்கு அப்பாவிடம் பேசினேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். எதிர்வீட்டு மாடிக்கு வரச் சொல்கிறார்கள், போகட்டுமா என்றார். ரேடாரைப் பார்த்தேன். அடர்ந்த பகுதி நகர்ந்துகொண்டிருந்தது. “ரெண்டு மணி நேரத்துல விட்டுடும்ப்பா. படுங்க,” என்றேன். மழையைப் பொறுத்தவரை நான் பெரிதாகத் தவறவில்லை. எங்கள் தெருவில் நள்ளிரவில் மழை தணிந்தது. தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்தது நொடிக்கு 29,000 கன அடி, மேலே மற்ற ஏரிகள் உடைந்தும் வழிந்தும் வந்தது தனி. அடையாறு இருட்டில் தெருவுக்குள் நுழைந்தது. நான் மேகத்தைப் பார்த்தேன், ஆற்றைப் பார்க்கவில்லை. ஆற்றின் படம் என் திரையில் இல்லை. அது இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. பதினொன்றாம் எண் கூண்டு. மூன்றாம் நாள் யாருடைய கைபேசியிலிருந்தோ அப்பா பேசினார். இடுப்பளவு தண்ணீரில் எதிர்வீட்டுப் பையன்கள் அம்மாவையும் அவரையும் மாடிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். “நோட்டெல்லாம் போச்சு,” என்றார். நான் சொன்னதைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருட மழை. 1996 ஜூனில் மூன்று நாள் கொட்டியபோது ‘டப்பா நிரம்பி வழிந்தது, அளவு தெரியவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதிய பக்கமும் போயிற்று. நுங்கம்பாக்கத்தில் 1996-இன் கணக்கு பத்திரமாக இருக்கிறது. ஜாபர்கான்பேட்டையின் கணக்கு எங்கும் இல்லை.

இது எனக்கு வேறொரு ஊரை நினைவுபடுத்தியது. 1997 ஜூலை 28, கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ். ஊரின் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் மழை, இன்னொரு பக்கம் சுமார் 2 அங்குலம். எவ்வளவு பெய்தது என்பதே வெள்ளம் வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு அங்கே, வீடுதோறும் மழைமானி வைத்துத் தன்னார்வலர்களே அளக்கும் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. என் பின்கட்டில் நிற்கும் நான்கு அங்குல மழைமானி அந்தக் கணக்கில் ஒன்று. 2016 ஜனவரியில் அதுபோல இன்னொன்று வாங்கி அப்பாவுக்கு அனுப்பினேன். வீடும் மாறியாயிற்று, இப்போது முதல் மாடி.

குளிர்காலத்தில் இங்கே நான் ஏழு மணிக்கு அளக்கும்போது அங்கே இரவு எட்டரை. அவர் காலை எட்டரைக்கு அளக்கும்போது இங்கே மாலை ஏழு. இரண்டு அளவையும் பரிமாறிக்கொள்வோம். என்னுடையது பெரும்பாலும் பூஜ்யம், அவருக்கு அதில் ஒரு பரிதாபம்.

போன ஜூலையில் ஒருநாள் அழைத்தார். “மேற்க கருக்கலா இருக்கு. பாரு.”

பார்த்தேன். “திருத்தணிக்குக் கிழக்க ஒண்ணு இருக்குப்பா. வரலாம். வழியில கலையவும் வாய்ப்பிருக்கு. கடற்காற்று இன்னிக்கு லேட்டு, அதனால...”

“அதெல்லாம் இருக்கட்டும். ஸ்கூட்டர உள்ள வெக்கட்டுமா, வேணாமா?”

“வெச்சிடுங்க.”

மறுநாள் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். தேதிக்கு நேராக ‘0.0’. பக்கத்தில் சிவப்பு மையில், ‘ஸ்கூட்டர் உள்ளே’.